நாமக்கல் முட்டைக்கு ஜெர்மனியில் என்ன பால்?

முட்டைக்கான ஜெர்மன் வார்த்தையைத் தமிழில் எழுதினால் ஒரே எழுத்துதான்: 'ஐ'. நாமக்கல்லில் தினமும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகும் பொருளுக்கு இவ்வளவு சின்னப் பெயரா என்று சந்தோஷப்பட வேண்டாம். வெறும் 'ஐ' தெரிந்தால் பாதி வார்த்தைதான் தெரியும். முழு வார்த்தை 'டாஸ் ஐ'. சேவல் என்றால் 'டெர் ஹான்'. பெட்டைக்கோழி 'டீ ஹென்னெ'. இரண்டுக்கும் பொதுவாகக் கோழி என்றால் 'டாஸ் ஹூன்'. டெர் ஆண்பால், டீ பெண்பால், டாஸ் இரண்டிலும் சேராதது.

கோழிப்பண்ணைக்குள் இருக்கும்வரை இது நியாயமாகத்தான் தெரிகிறது. பண்ணையைவிட்டு வெளியே வந்தால்தான் தலை சுற்றும். முட்டை ஏற்றிச் செல்லும் லாரி ஆண்பால். நாமக்கல் பட்டறைகளில் கட்டுகிறார்களே, அந்த லாரியின் பாடி பெண்பால். ஸ்டீயரிங் 'டாஸ் ஷ்டாயர்', இரண்டும் இல்லை. அதே வார்த்தையை 'டீ ஷ்டாயர்' என்று சொல்லிவிட்டால் அர்த்தமே மாறி 'வரி' ஆகிவிடும்! சேலத்துப் பக்கம் வந்தால் ஸ்டீல் ஆண், மாம்பழம் பெண், ஜவ்வரிசி ஆண். கொலுசுக்கான வெள்ளி டாஸ். டீக்கடை டீகூட 'டீ' கிடையாது. அது 'டெர் டே'.

இதையெல்லாம் இந்த ஊர்க்காரர்கள் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். காரணம், நர்சிங். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நர்சிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஜெர்மனியில் செவிலியர்களுக்குத் தட்டுப்பாடு. திறன்மிகு இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசாக்களை 90,000 வரை உயர்த்துவதாக 2024-ல் அந்த நாடு அறிவித்தது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், தாட்கோவும் செவிலியர்களுக்கான ஜெர்மன் மொழிப் பயிற்சிக்கு அறிவிப்பு வெளியிட்டிருக்கின்றன. ஆனால், நர்சிங் பட்டம் மட்டும் போதாது. அங்கே செவிலியராக அங்கீகாரம் பெற, பொதுவாக 'பி2' நிலை வரை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும். ஊசி போடுவதில் கைதேர்ந்தவர்கள்கூட 'ஊசிக்கு முன்னால் டெர்ரா, டீயா' என்பதில் தடுமாறுகிறார்கள்.

தமிழ் பேசுபவர்களுக்கு ஏன் கஷ்டம்?

தமிழில் பால் என்பது மனப்பாட விஷயமே இல்லை. மனிதர்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. பொருளைப் பார்த்தால் பால் தெரிந்துவிடும். மேசை ஆணா பெண்ணா என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் யோசித்ததில்லை. ஜெர்மனில் மேசை ஆண்பால். "மேசை எங்கே?" என்று கேட்டால், "அவன் அங்கே இருக்கிறான்" என்கிற மாதிரிதான் பதில் வரும். சூரியன் பெண், நிலா ஆண். சிறுமி மட்டும் 'டாஸ் மேட்ஷென்', அதாவது பெண்பால் இல்லை! அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880-லேயே இதைக் கிண்டலடித்து ஒரு கட்டுரை எழுதினார். நமக்கு அவ்வளவு அதிர்ச்சி தேவையில்லை. 'அந்தப் புள்ள வந்துச்சு' என்று நாமும் சொல்கிறவர்கள்தானே!

இன்னொரு பக்கம், நம் வினைச்சொல் அவர்களுக்குக் கஷ்டம். வந்தான், வந்தாள், வந்தது என்று நாம் வினையிலேயே பாலைக் காட்டுகிறோம். ஜெர்மனில் அவன், அவள், அது மூன்றுக்கும் வினை ஒன்றேதான். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு இந்தத் தமிழை உட்கார்ந்து கற்று, பத்தே வருடத்தில் தமிழ் இலக்கணத்தைப் பற்றி லத்தீனில் புத்தகமே எழுதிவிட்டார். 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அது அச்சானது.

தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்?

'டீ ஐ' என்று சொன்னாலும் கடைக்காரர் முட்டையைத்தான் கொடுப்பார். பிரச்னை வாக்கியத்தில்தான். 'மகன் டாக்டரைக் கூப்பிடுகிறான்', 'டாக்டரை மகன் கூப்பிடுகிறான்' என்று தமிழில் எப்படி மாற்றிப் போட்டாலும் அர்த்தம் மாறாது. காரணம், டாக்டரோடு ஒட்டியிருக்கும் 'ஐ' வேற்றுமை உருபு. நாம் பெயரின் வாலில் ஒட்டுவதை ஜெர்மானியர்கள் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் உள்ள டெர், டீ, டாஸில் காட்டுகிறார்கள். 'டெர் ஸோன் ரூஃப்ட் டென் ஆர்ட்ஸ்ட்' என்றால் மகன் டாக்டரைக் கூப்பிடுகிறான். அதே வார்த்தைகள், அதே வரிசை, 'டென் ஸோன் ரூஃப்ட் டெர் ஆர்ட்ஸ்ட்' என்றால் டாக்டர் மகனைக் கூப்பிடுகிறார். டெர், 'டென்' ஆகும். 'க்கு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டெம்' ஆகும். டீ, டாஸ் மாறும் விதம் வேறு. ஆக, பால் தெரியாவிட்டால் வேற்றுமையும் தப்பும். நோயாளி யாரைக் கூப்பிட்டார், யாருக்கு மாத்திரை கொடுத்தார்கள் என்று எழுத வேண்டிய வேலையில் இது சின்ன விஷயம் இல்லை.

வேற்றுமை உருபு நமக்குப் புதிதில்லை என்பது ஒரு வசதி. இங்கிலீஷ் மட்டுமே தெரிந்தவரைவிடத் தமிழ் தெரிந்தவருக்கு இந்த இடம் சீக்கிரம் பிடிபடும்.

நர்ஸ்களுக்கு ஒரு நல்ல செய்தி

மருத்துவமனை வார்த்தைகளில் நிறைய 'டீ'தான். 'உங்' என்று முடியும் வார்த்தைகள் கிட்டத்தட்ட எல்லாமே பெண்பால்: டீ இம்ஃபுங் (தடுப்பூசி), டீ ப்ளூட்டுங் (ரத்தக்கசிவு). 'ஹைட்' என்று முடிந்தாலும் டீ: டீ க்ராங்ஹைட் (நோய்). ஆபரேஷன், இன்ஃபெக்‌ஷன், இன்ஃப்யூஷன் போல முடிபவையும் டீ. 'எ' ஒலியில் முடியும் ஊசி, மாத்திரை, காயம் எல்லாம் டீ. 'எ'யில் முடிந்தும் ஆண்பாலாக இருக்கும் சில வார்த்தைகளைத் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். 'ஷென்' என்று முடிந்தால் டாஸ். சிறுமி அஃறிணை ஆனதும் இந்த விதியால்தான்.

கூட்டுச்சொல்லில் கடைசி வார்த்தையை மட்டும் பாருங்கள். 'ஹவுஸ்' (வீடு) டாஸ் என்பதால் மருத்துவமனை 'டாஸ் க்ராங்கன்ஹவுஸ்'. 'வாகன்' (வண்டி) டெர் என்பதால் ஆம்புலன்ஸ் 'டெர் க்ராங்கன்வாகன்'. ரத்தம் டாஸ், ஆனால், ரத்த அழுத்தம் 'டெர் ப்ளூட்ட்ருக்'. அழுத்தம் ஆண்பால் ஆயிற்றே!

மற்றவற்றுக்கு ஒரே வழி, முதல் நாளிலிருந்தே வார்த்தையை டெர், டீ, டாஸோடு சேர்த்துப் படிப்பது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. 500 வார்த்தைகளுக்குப் பிறகு பாலை மட்டும் தனியாகத் தேடிப் படிப்பது இரட்டை வேலை. நோட்டில் ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, டாஸுக்குப் பச்சை என்று எழுதுவது ஜெர்மன் வகுப்புகளில் பழைய பழக்கம். ஒரு சலுகையும் உண்டு: பன்மை என்றால் மூன்றுமே 'டீ'. தயிருக்கு (யோகுர்ட்) டெர், டாஸ் இரண்டுமே சரி. அந்த ஒன்றில் தைரியமாக இருக்கலாம்.

'மூன்று மாதத்தில் பி2' என்று விளம்பரம் பார்த்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஆரம்பத்திலிருந்து பி2 வரை வர 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்கிறது கோத்தே இன்ஸ்டிடியூட். சென்னையில் மாக்ஸ்முல்லர் பவன் என்ற பெயரில் இருப்பது அதுதான். கோயம்புத்தூரில் கோத்தே மையம் இருக்கிறது. அதன் பி2 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். டெர், டீ, டாஸ் தடுமாற்றம் முதல் இரண்டு பகுதிகளில் பெரிதாக வெளியே தெரியாது. எழுத்திலும் பேச்சிலும் ஒளிக்க முடியாது.