மானாவாரி நிலக் களைக் கட்டுப்பாட்டில் மரபு உழவுக் கருவிகள்: தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாட்டுக்கலப்பை, பலுகு, களைக்கொத்து ஆகியவை மானாவாரி வேளாண்மையில் தனித்தனிக் கருவிகளாக இயங்கவில்லை. மண்ணின் பதத்தையும் களையின் பருவத்தையும் கணித்து அடுக்கப்பட்ட ஒரு முறையின் உறுப்புகளாகவே அவை இயங்கின. தேனி மாவட்டத்தின் நன்செய், மேட்டுப் புன்செய் ஆகிய இருவகை நிலங்களை ஒப்பிட்டும், புறநானூறு, பெரும்பாணாற்றுப்படை, திருக்குறள் ஆகியவற்றில் காணப்படும் உழவுச் செய்திகளைத் துணைக்கொண்டும் இக்கட்டுரை அம்முறையை விளக்குகிறது. அம்முறையில் இன்று அறுபட்டுள்ள கண்ணி எது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மானாவாரி, களை, கோடை உழவு, ஊடு உழவு, பல்லி, துளர், பதம், தேனி.

முன்னுரை

1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டம், வேளாண்மை நோக்கில் இருவேறு முகங்களைக் கொண்டது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் கம்பம் பள்ளத்தாக்கின் தாழ்நிலம் நெல்லும் வாழையும் தென்னையும் விளையும் நன்செயாகத் திகழ்கிறது. வாய்க்கால் நீர் ஏறாத மேட்டு நிலங்களும், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்த ஆண்டிபட்டி வட்டாரமும் சோளம், கம்பு, மொச்சை, துவரை, நிலக்கடலை முதலியவற்றை வானம் பார்த்து விளைவிப்பவை.

இவ்விரு நிலங்களிலும் களையை வெல்லும் வழி வேறு. நன்செயில் தொளி உழவு களையைச் சேற்றில் புதைக்கிறது. தேங்கிய நீர் புதிய விதைகள் முளைப்பதைத் தடுக்கிறது. அதாவது, பாதி வேலையை நீரே செய்துவிடுகிறது. புன்செயில் அத்துணை இல்லை. பயிருக்கே போதாத ஈரத்தைக் களையும் பங்கிட்டுக்கொள்கிறது. ஆகவே நன்செயில் நீர் செய்யும் வேலையைப் புன்செயில் இரும்பும் வெயிலும் செய்ய வேண்டியுள்ளது. மரபு உழவுக் கருவிகளின் பயனை இந்த அடிப்படையிலேயே மதிப்பிடுதல் தகும்.

இலக்கியங்கள் காட்டும் படிநிலைகள்

மானாவாரிக் களை நீக்கத்தின் முழுமையான சித்திரம் ஒன்றைக் கபிலர் பாடிய புறநானூற்று 120ஆம் பாடலில் காணலாம். பாரியின் பறம்பு நாட்டுச் செம்மண் மேட்டில் வரகு விளைவித்த முறையை அப்பாடல் வரிசையாகச் சொல்கிறது. கார்மழையின் ஈரத்தில் நிலம் புழுதிபடப் பலமுறை உழப்படுகிறது, பின்னர் விதைக்கப்படுகிறது, முளைத்துக் கிளைத்த பயிரிடையே பல்லி ஆடப்படுகிறது, இறுதியில் எஞ்சிய களை அடியோடு நீக்கப்படுகிறது. பல்லி என்பது பற்களை உடைய உழுகருவி. பல்லியாடுதலைத் தாளியடித்தல் என்று உரை விளக்குகிறது. விதைப்புக்கு முன் உழவு, விதைப்புக்குப் பின் ஊடு கிளறல், கடைசியில் கைக்களை என்ற மூன்று படிகள் இங்குத் தெளிவாகப் புலப்படுகின்றன. கைக்களை இறுதிப் படியாக நிற்பது கருதத்தக்கது. முன்னிரண்டு படிகளும் களையின் தொகையைக் குறைத்த பின்னரே மனிதக் கை வயலில் இறங்குகிறது.

பெரும்பாணாற்றுப்படை உழுத தோட்டநிலத்தைக் குறிக்குமிடத்தில் களைக்கொட்டைத் துளர் என்னும் சொல்லால் சுட்டுகிறது. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் 1037ஆம் குறள், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுத மண்ணைக் காயவிட்டால் பிடி எருவும் வேண்டாது பயிர் விளையும் என்கிறது. மண் அவ்வளவு காயும்போது அதில் கிளறிவிடப்பட்ட களையின் வேரும் காயும். அடுத்த குறள் எருவிடுதல், களைநீக்கம், நீர்ப்பாய்ச்சல், காவல் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கிறது.

கருவிகளும் அவற்றின் செயற்பாடும்

நாட்டுக்கலப்பை மண்ணைப் புரட்டிப் போடுவதில்லை. கொழு செல்லும் வழியே ஆப்பு வடிவில் கிழித்துச் செல்கிறது. இரு சால்களுக்கிடையே உழப்படாத மண் எஞ்சுவதால் குறுக்கு உழவு தேவையாகிறது. கோடை மழையை ஒட்டிச் சித்திரையில் தொடங்கும் உழவு, கோரைக் கிழங்கையும் அருகின் தண்டையும் மேலே கொணர்ந்து வெயிலில் வாட்டுகிறது. அடுத்த மழைக்கு முளைக்கும் களை விதைகளை மறு உழவு அழிக்கிறது. இவ்வாறு விதைப்பதற்கு முன்பே மேல்மண்ணில் உள்ள களை விதைகளில் ஒரு பகுதி முளைக்கவைத்து அழிக்கப்படுகிறது. உழவின் எண்ணிக்கையைவிட, இரு உழவுகளுக்கு இடையே களை முளைக்க விடப்படும் இடைவெளியே இங்கு இன்றியமையாதது.

விதைத்த பின் ஊடு உழவு தொடங்குகிறது. சோளம், கம்பு ஆகியவற்றுக்கு வரிசைக்கு வரிசை 45 செ.மீ. இடைவெளி பரிந்துரைக்கப்படுகிறது. இவ்வகை இடைவெளியில் மாடுகளின் வாய்க்குக் கூடையிட்டுச் சிறு கலப்பையையோ பலுகையோ செலுத்தலாம். தமிழகத்தை அடுத்துள்ள தக்காண மானாவாரி நிலங்களில் இதற்கெனவே, மரக்கட்டையின் அடியில் கிடைமட்ட இரும்பு அலகு பொருத்திய கருவி வழங்குகிறது. தெலுங்கில் குண்டக என்றும் கன்னடத்தில் குண்டெ என்றும் பெயர்பெறும் இது, மண்ணைக் கிழிப்பதற்கு மாறாக மேற்பரப்பை ஒட்டிச் சென்று களையின் வேரை அறுக்கிறது. ஆழமாகச் செல்லாமையால் பயிரின் வேருக்கும் அடிமண் ஈரத்திற்கும் ஊறு குறைவு. கிளறப்பட்ட மேற்புழுதி மண்ணின் நுண்துளைத் தொடர்பைத் துண்டித்து, ஈரம் ஆவியாவதை மட்டுப்படுத்துகிறது. எனவே களை நீக்கமும் ஈரக்காப்பும் ஒரே செயலில் நிறைவேறுகின்றன. களைக்கொல்லியால் இவ்விரண்டாவது பயன் கிட்டுவதில்லை.

பதமும் பருவமும்

கருவியின் பயன் அதனைச் செலுத்தும் நாளைப் பொறுத்தது. மழை பெய்த மறுநாளே உழுதால் மண் கட்டியாகிறது; பிடுங்கப்பட்ட களை ஈரத்தில் மீண்டும் வேரூன்றுகிறது. காலம் தாழ்த்தினால் நிலம் இறுகிக் கொழு இறங்குவதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில நாள்களே பதம். களையும் இரண்டு மூன்று இலைப் பருவத்தில் இருத்தல் வேண்டும். அப்பருவத்தில் வேர் மேலே இழுக்கப்பட்டாலே ஒரு பகல் வெயிலில் அது மடிகிறது; தண்டு முற்றிய சாரணைக்கோ பண்ணைக்கீரைக்கோ இது போதாது. விதைத்த 15 முதல் 20 நாள்களில் முதல் களையும், 30 முதல் 35 நாள்களில் இரண்டாம் களையும் எடுக்கும் வழக்கம் இக்கணக்கைச் சார்ந்தது.

பயிருக்கேற்ப எல்லையும் உண்டு. நிலக்கடலையில் 45ஆம் நாளளவில் மண் அணைத்த பின் நிலத்தைக் கிளறுவதில்லை. மண்ணுள் இறங்கும் விழுதுகள் அறுபட்டால் காய் பிடிப்பதில்லை.

வரம்புகள்

மரபுக் கருவிகளைக் குறையற்றனவாகக் கொள்வது ஆய்வு நெறியாகாது. வரிசைகளுக்கு இடையிலுள்ள களையை நீக்கும் இவை, வரிசைக்குள் பயிரை ஒட்டி நிற்கும் களையைத் தொடுவதில்லை. அதற்குக் களைக்கொத்தே வேண்டும். கைவிதைப்புச் செய்த நிலத்தில் அலகுக் கருவி செல்லாது. கோரை, அருகு போன்ற பல்லாண்டுக் களைகளை ஈரமண்ணில் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகத் தழைக்கலாம். மலையடிவாரச் சரிவுகளில் மென்புழுதியைப் பெருமழை எளிதில் அரித்துச் செல்லும். ஆதலால் சரிவுக்குக் குறுக்கே உழுதல் கட்டாயமாகிறது.

அறுபட்ட கண்ணி

உழவு மாடுகள் குறைந்து டிராக்டர் பரவிய பின் மேற்கூறிய மூன்று படிகளும் ஒருசேர மாறவில்லை. முதற்படியான கோடை உழவைக் கொத்துக்கலப்பை விரைந்து முடிக்கிறது. ஆனால் நிற்கும் பயிரிடையே டிராக்டர் நுழைவது அரிது. நடுப்படியான ஊடு உழவே மறைந்துள்ளது. அதன் சுமை முழுவதும் மூன்றாம் படியின்மேல், அதாவது பெரும்பாலும் பெண்கள் செய்யும் கைக்களையின்மேல் விழுகிறது. உரிய நாளில் ஆள் கிடைக்காவிடில் களை முற்றிவிடுகிறது, கூலியும் ஏறுகிறது.

இவ்விடைவெளியைக் களைக்கொல்லி முழுமையாக நிரப்பவில்லை. முளைக்குமுன் தெளிக்கும் மருந்து செயற்பட மண்ணில் ஈரம் வேண்டும். மானாவாரியில் அதற்கு உறுதியில்லை. மேலும், சோளத்திற்குத் தெளிக்கும் அட்ரசின் அதனூடே விதைக்கப்படும் மொச்சை, துவரை போன்ற பயறு வகைகளைத் தாக்கும். களைக்கொல்லியை ஏற்பதற்காகக் கலப்புப் பயிரைக் கைவிடுவது, மழை பொய்க்கும் ஆண்டில் ஒரு பயிரேனும் தேறும் என்ற காப்பைக் கைவிடுவதாகும்.

முடிவுரை

மரபு உழவுக் கருவிகளைக் காட்சிப் பொருளாகப் பேணுவதால் மட்டும் அவற்றின் அறிவு நிலைக்காது. முளைக்கவிட்டு அழித்தல், ஆழமின்றி அறுத்தல், பதமறிந்து இறங்குதல், வரிசையாக விதைத்தல் என்னும் நான்கு நெறிகளே அவ்வறிவின் சாரம். இவற்றை மாடு பூட்டிய பலுகும் நிறைவேற்றலாம். கையால் தள்ளும் சக்கரக் களைக்கருவியும் சிறு பவர் வீடரும் நிறைவேற்றலாம். நெறி பிறழ்ந்தால் எந்தக் கருவியும் களையைப் பெருக்கவே செய்யும். ஆண்டிபட்டி போன்ற வட்டாரங்களில் பதம், தாளி, ஊடு உழவு முதலிய சொற்களை அவை குறிக்கும் நாள், மண், களை ஆகியவற்றோடு இணைத்துத் தொகுப்பது, தமிழியலும் வேளாண் அறிவியலும் இணைந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வுப் பணியாகும். அவற்றைப் பட்டறிந்த தலைமுறை உள்ளபோதே அது நிகழ வேண்டும்.