3 வயசுப் பிள்ளை கையில் பென்சில் எதுக்கு?

சென்னை, காசிமேட்டில் விடியும் முன்பே மீன் ஏலத்துக்கு ஓடுகிறாள் தாய். எண்ணூரில் ஷிப்டுக்குப் போகிறார் தகப்பன். பிள்ளைக்கு மூணு வயசு ஆனதும் இருவருக்கும் ஒரே கவலை.

"ஏ.பி.சி.டி. எழுதுறானா?"

எழுதவில்லை என்றால் அடி. "பக்கத்து வீட்டுப் பொண்ணு நூறு வரைக்கும் எழுதுதே, உனக்கு என்னடா கேடு?" என்று திட்டு வேறு!

பிள்ளைக்குக் கேடு ஒன்றும் இல்லை. பென்சிலை இறுக்கிப் பிடித்து எழுத அந்த வயசு விரல்களுக்குப் பலம் பத்தாது. மண்ணில் கோடு கிழிப்பது, மாவு பிசைவது, கடற்கரைச் சிப்பிகளைப் பெரிசு, சிறிசு என்று பிரிப்பது இதெல்லாம்தான் அந்த வயசுப் பாடம். அங்கன்வாடியில் ஆட்டமும் பாட்டும் நடப்பது பொழுதுபோக்க அல்ல.

டாக்டரம்மா

இந்த முறை வந்த கதை ஆச்சரியமானது. இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி, மூளை வளர்ச்சி இல்லை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் முதலில் இப்படிச் சொல்லிக் கொடுத்தார். தொட்டு, தடவி, அடுக்கிப் படித்தார்கள். பிறகு 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மற்ற பிள்ளைகளுக்கும் அதே வழியில் பாடம் தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

இன்று அவர் பெயரைப் போர்டில் எழுதிப் பணம் வாங்கும் சில இடங்களில், பேச்சு வராத பிள்ளையைக் கண்டால் "சீட் இல்லை" என்கிறார்கள். நல்ல வேடிக்கை!

"தானாப் பேசுவான், விடு!"

2 வயசாகியும் பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாராம்" என்று விட்டுவிடுகிறார்கள். காது கேளாததால்கூடப் பேச்சு வராமல் இருக்கலாம். நாள் தள்ளத் தள்ளப் பேச வைப்பது கஷ்டம்.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை மருத்துவக் குழு வந்து பார்க்கும் திட்டம் 2013 முதல் இருக்கிறது. அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். குறையைச் சீக்கிரம் கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்ப வேண்டும், மாற்றுத்திறனாளிப் பிள்ளையையும் மற்றவர்களோடு சேர்த்தே உட்கார வைக்க வேண்டும் என்று 2023 நவம்பரில் மத்திய அரசும் நடைமுறை வகுத்தது.

இதற்குப் பெரிய செலவு இல்லை. காது மந்தமா? முன்னால் உட்கார வைத்து, முகம் பார்த்துப் பேசலாம். முதுகு நிற்கவில்லையா? சுவர் மூலையில் தலையணை வைத்து உட்கார வைக்கலாம். கை நடுங்கினால் கிரேயானில் துணி சுற்றித் தடியாக்கிக் கொடுக்கலாம். பொம்மை காட்டிக் கதை சொன்னால் எல்லாப் பிள்ளைக்கும் கொண்டாட்டம்தான்.

ஆனால் சமையல், எடை, ரிஜிஸ்டர், போனில் பதிவு என்று ஓடும் ஒரு ஊழியரும் ஒரு உதவியாளரும் இதையும் எப்படிச் செய்வார்கள்? ஆள் கூட்டாமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் வேலை நடக்காது.

எண்ணூர்க்காரர்கள் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வர ரெயில் மாற வேண்டும். ஒரு நாள் கூலி போகும். இருந்தாலும் வாருங்கள், சிகிச்சை இலவசம்.

அரசு அங்கீகாரமோ நிதியோ பெற்ற எந்தப் பள்ளியும் ஊனத்தைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 2016-ம் ஆண்டுச் சட்டம். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.