ஒரே ஒரு 'கல்'

தமிழ்நாட்டை விட்டு வடக்கே குடிவந்த யாரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் இந்திச் சொல் 'கல்'. பால்காரர், குழாய் ரிப்பேர்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்: "கல் ஆயேகா." நமக்கோ கல் என்றால் கருங்கல், அம்மிக்கல், தோசைக்கல்!

நான் டிப்ளமா முடித்து ரயில்வே பொறியியல் பிரிவில் சேர்ந்து முப்பத்தைந்து ஆண்டுகள் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். காலுக்கடியில் ஜல்லிக்கல், காதில் இந்தக் 'கல்' என்று காலம் ஓடியது. மொழி ஆராய்ச்சி செய்தவனல்ல. காதால் கேட்டதையும், ஓய்வு பெற்றபின் அகராதிகளைப் புரட்டித் தெரிந்துகொண்டதையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தியில் 'கல்' என்றால் நேற்று. நாளை என்றாலும் 'கல்' தான். விடியற்காலையைக் குறிக்கும் 'கல்ய' என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இன்றைய தினத்துக்கு முன்னும் ஒரு விடியல், பின்னும் ஒரு விடியல் அல்லவா? எந்த விடியல் என்பதை வினைச்சொல்தான் சொல்லும். 'பர்ஸோ'ங் என்பதும் அப்படியே: முந்தாநாளும் அதுதான், நாளை மறுநாளும் அதுதான்.

வீட்டில் இது வேடிக்கை. வேலையில் அப்படியல்ல. நான் ஜான்சிப் பக்கம் இருந்தபோது, திருச்சியிலிருந்து புதிதாக வந்த ஓர் இளைஞர் என்னிடம் வேலை பார்த்தார். ஒரு பாலத்தருகே ஃபிஷ்பிளேட் போல்ட்டுகளை இறுக்கியாகிவிட்டதா என்று கேங் மேட்டைக் கேட்டிருக்கிறார். மேட் சொன்னது, "கல் ஹோகா", அதாவது நாளை ஆகும். இவர் காதில் விழுந்தது, "கல் ஹோ கயா", நேற்றே ஆகிவிட்டது. டைரியிலும் அப்படியே எழுதிவிட்டார். மாலையில் டிராலியில் போனபோது போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. மேட்டை அழைத்து, இருட்டுவதற்குள் இறுக்க வைத்தேன். விபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் 'ஹோகா'வுக்கும் 'ஹோ கயா'வுக்கும் நடுவில் இருப்பது ஓர் எழுத்து; அந்தப் பாலத்தின் மேல் போவது நூற்றுக்கணக்கான உயிர்கள். அன்று முதல் அந்த இளைஞர் 'கல்' என்று யார் சொன்னாலும் விடமாட்டார். "எந்தத் தேதி?" என்று கேட்டுத்தான் எழுதுவார்.

ரயில்வேயின் வழக்கமே அதுதான். பாதை வேலைக்காக ரயில்களை நிறுத்தி 'பிளாக்' வாங்கும்போது நேற்று, நாளை என்ற பேச்சே கிடையாது. தேதி, மணி, நிமிடம், எல்லாம் எழுத்தில். மணியும் 24 மணிக் கணக்கில். காலை மாலைக் குழப்பம் வராது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் பேசினால் 'பிரைவேட் நம்பர்' சொல்லிக் குறித்துக்கொள்வார்கள். வாயால் சொன்னது காதில் சரியாகப் போய்ச் சேர்ந்ததற்கு அந்த எண்தான் சாட்சி.

காரக்பூருக்கு மாற்றலாகிப் போனால் அங்கே வேறு கதை. வங்காளிகளுக்கு இது இயந்திரம், தண்ணீர்க் குழாய். உச்சரிப்பு மட்டும் 'கொல்'. முதல்முறை கேட்கிற தமிழருக்குத் தூக்கிவாரிப் போடும்! அங்கே தெலுங்கு பேசும் தொழிலாளர்களும் நிறைய. ஜல்லி வண்டி வந்ததும் நம் ஆள் ஒருவர், "கல்லு வந்தாச்சு!" என்று கத்த, தெலுங்கர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. தெலுங்கில் 'கல்லு' என்றால் நம்முடைய கள். பிறகு புசாவலில் மராத்தி. அவர்களுக்குக் 'கால்' என்றால் நேற்று மட்டும்தான். நாளைக்கு 'உத்யா' என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். அந்தத் தெளிவை நான் மெச்சினேன். துருக்கி மொழியில் 'கல்' என்றால் 'இங்கேயே இரு' என்று பொருளாம். கன்னடமும் மலையாளமும்தான் நம்மோடு சேர்ந்து கல்லைக் கல்லாகவே வைத்திருக்கின்றன.

இத்தனையும் சொல்லிவிட்டு நம் வீட்டுக்கு வருகிறேன். இங்கே பிறந்து வளரும் நம் பேரக்குழந்தைகளுக்கு இந்திக் 'கல்' பிசகாமல் தெரியும். வீட்டில் தோசைக்கல் இருப்பதால் அந்தக் கல்லும் தெரியும். ஆனால் தமிழில் இன்னொரு 'கல்' உண்டே! 'படி, அறிந்துகொள்' என்று ஏவும் 'கல்'. கல்வி, கற்றல், கல்லாமை, கல்லூரி எல்லாம் அதன் பிள்ளைகள். அதை எத்தனை குழந்தைகள் அறியும்? என் பேரனைக் கேட்டேன்; விழித்தான். குற்றம் அவனுடையதல்ல. பேச்சில் நாம் 'படி' என்கிறோம்; 'கல்' புத்தகத்தில்தான் இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் திறக்காத வீட்டில் அந்தப் பொருள் குழந்தையை வந்து சேர வழியே இல்லை.

தமிழ் எழுத்தை எப்போது சொல்லிக்கொடுப்பது என்று கேட்டால், நம்மில் பலர் பால்காரர் பாணியில் "கல், கல்" என்கிறோம். ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன்: எந்தத் தேதி? எத்தனை மணிக்கு? காலண்டரில் குறித்துவிட்டு, அன்றைக்கு அரைமணி நேரம் குழந்தையோடு உட்காருங்கள். முதல் பாடமாக இந்த ஒரு சொல்லே போதும்.