ஈத்தூண்டில் வீச்சில் நீரிலிருந்து கயிறு எடுத்தல்

நீரிலிருந்து கயிறு எடுத்தல் என்பது, செயற்கை ஈயைக் கொண்டு மீன் பிடிக்கும் முறையில், நீர்ப்பரப்பின் மேல் மிதந்து கிடக்கும் தூண்டிற்கயிற்றை அடுத்த வீச்சுக்காக மேலே தூக்கும் செயலாகும். ஆங்கிலத்தில் இது பிக்-அப் எனப்படுகின்றது. ஈத்தூண்டில் வீச்சின் முதற்படி இதுவே. இப்படியில் நேரும் பிழை பின்வீச்சையும், அதனைத் தொடரும் முன்வீச்சையும் கெடுத்துவிடும். நீர் கலங்குவதால் அருகிலுள்ள மீனும் விலகிச் செல்லும்.

ஈத்தூண்டிலின் தன்மை

தமிழக ஏரி குளங்களில் பொதுவாகக் காணப்படும் தூண்டிலில் மூங்கிற்கோல், நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள் என்பன இருக்கும். இதில் எடை ஈயக்குண்டிலும் இரையிலும் உள்ளது. குண்டு பறந்து செல்ல, மெல்லிய நரம்பு அதன் பின்னே இழுபட்டுச் செல்கின்றது.

ஈத்தூண்டிலில் நிலைமை இதற்கு நேர்மாறானது. முள்ளின் மேல் இறகு, மயிர், நூல் முதலியவற்றைச் சுற்றிச் செய்யப்படும் செயற்கை ஈ, எடை ஏதுமற்றது எனலாம். ஆகவே வீசப்படுவது ஈ அன்று; தடித்த, எடையுள்ள கயிறே வீசப்படுகின்றது. கயிற்றின் நுனியில் ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளமுள்ள, படிப்படியாக மெலியும் தங்கூசி நரம்பு கட்டப்பட்டு, அதன் முனையில் ஈ முடியப்படுகின்றது.

கயிறுகள் அவற்றின் முதல் 30 அடி, அதாவது 9.14 மீட்டர், நீளத்தின் எடையைக் கொண்டு எண்ணிடப்படுகின்றன. 5ஆம் எண் கயிற்றின் இப்பகுதி 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம் எடை கொண்டது. 6ஆம் எண் கயிற்றில் இது 160 கிரெயின் ஆகும். முற்காலத்தில் பட்டுக் கயிறுகள் பயன்பட்டன. அவை மிதப்பதற்காகக் கொழுப்புப் பூசப்பட்டுப் பின்னர் உலர்த்தப்பட்டன. 1950களிலிருந்து நெகிழிப்பூச்சுடைய கயிறுகள் பரவலாயின.

நீர் கயிற்றைப் பற்றும் விதம்

மிதக்கும் கயிற்றைத் தூக்குவது ஏன் கடினமாக உள்ளது என்பதைப் பரப்பு இழுவிசையைக் கொண்டு விளக்கலாம். 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன் ஆகும். நீரில் கிடக்கும் கயிற்றை அதன் இரு பக்கங்களிலும் நீர்ப்பரப்பு பற்றுவதால், ஒரு மீட்டர் நீளத்தை ஒரே நேரத்தில் மேலே பிரிக்க அதிகபட்சமாக 0.144 நியூட்டன் விசை தேவைப்படலாம். 9.14 மீட்டர் கயிறு முழுவதையும் ஒருங்கே பிரிப்பதாயின் இவ்விசை ஏறத்தாழ 1.3 நியூட்டன்; அதாவது 130 கிராம் பொருளைத் தூக்கும் விசைக்கு ஒப்பானது. கயிற்றின் எடையோ 9 கிராம் மட்டுமே. இது மேல்வரம்புக் கணக்கு ஆகும். நீரொட்டாத பூச்சும் தூய்மையும் உள்ள கயிற்றில் விசை இதனினும் குறையும்.

ஈரத் தரையில் ஒட்டிக்கொண்ட நெகிழித்தாளை நடுவில் பிடித்து நேராகத் தூக்கினால் அது எளிதில் வராது. ஓரத்தைப் பிடித்து உரித்தால் சிறு விசையிலேயே வந்துவிடும். ஒவ்வொரு கணத்திலும் தாளின் ஒரு கோடு மட்டுமே தரையிலிருந்து பிரிவதே இதற்குக் காரணம். கயிறு எடுத்தலின் அடிப்படையும் இதுவே: கயிற்றை நீரிலிருந்து பிடுங்குதல் கூடாது, உரித்தல் வேண்டும்.

செய்முறை

வலக்கைப் பழக்கமுள்ளவர் வலக்கையில் கோலையும் இடக்கையில் கயிற்றையும் பிடிப்பதாகக் கொள்வோம். கோலின் நிலையைக் கடிகார முள்ளைக் கொண்டு குறிப்பது வழக்கம். முன்னே கிடையாக இருப்பது 9 மணி, தலைக்கு நேர் மேலே இருப்பது 12 மணி ஆகும்.

1. கோலின் நுனியை நீர்ப்பரப்பை ஒட்டித் தாழ்த்த வேண்டும்.
2. இடக்கையால் கயிற்றை உள்ளிழுத்து, தொய்வு முழுவதையும் நீக்க வேண்டும். கோல் நுனி அசைந்தவுடன் ஈயும் அசையுமாறு கயிறு நேராக இருத்தல் வேண்டும்.
3. கோலை மெதுவாகவும் சீராகவும் 10 மணி நிலை வரை உயர்த்த வேண்டும். அப்போது கயிறு கோல் நுனியிலிருந்து தொடங்கி ஈயை நோக்கி நீரை விட்டு உரிந்து செல்லும்.
4. கயிற்றின் முனை நீரை விட்டு நீங்கி, நரம்பு மட்டும் நீரில் இருக்கும் கணத்தில் வேகத்தைக் கூட்டி, 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் கோலைச் சட்டென நிறுத்த வேண்டும்.
5. கயிறு பின்புறம் வளைந்து விரிந்து நேராகும் வரை பொறுத்திருந்து, பின்னரே முன்வீச்சைத் தொடங்க வேண்டும். கயிறு நீளமானால் பொறுக்கும் நேரமும் கூடும்.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில் கோல் நிற்கலாகாது. நின்றால் கயிறு மீண்டும் தொய்ந்து நீரில் விழும். நான்காம் படியில் இடக்கையால் கயிற்றைக் கீழ்நோக்கிச் சற்று இழுப்பது கயிற்றின் வேகத்தைக் கூட்டும்.

பொதுவான பிழைகள்

கோலை உயர்த்திப் பிடித்துக்கொண்டே தொடங்குதல் முதற்பிழையாகும். கோல் முன்னரே 10 அல்லது 11 மணியில் இருந்தால் வேகம் கூட்ட இடமின்றிப் போகின்றது. அக்குறையை ஈடுசெய்யக் கையைப் பின்னே வெகுதூரம் கொண்டு சென்றால் பின்வீச்சு தரையில் விழும்.

தொய்வை நீக்காமல் தூக்குதல் இரண்டாவது. கோலின் அசைவில் பெரும்பகுதி தொய்வை நேராக்குவதிலேயே கழிந்துவிடும்.

தொடக்கத்திலேயே விரைவாக இழுத்தல் மூன்றாவது. கயிறு நீரைக் கிழித்துக்கொண்டு வரும் ஓசையால் இப்பிழையை அறியலாம். கோலின் வளைவு நீரின் பற்றோடு போராடுவதிலேயே செலவாகி, பற்று விட்டவுடன் கயிறு கட்டுப்பாடின்றித் தாவும். முள் வீசுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும் என்பதால் கண்ணாடியும் தொப்பியும் அணிதல் நன்று.

அளவுக்கு மிஞ்சிய நீளத்தை ஒரே முறையில் தூக்க முயலுதல் நான்காவது. அந்நிலையில் கயிற்றின் ஒரு பகுதியை உள்ளிழுத்து, எஞ்சியதை மட்டும் எடுக்க வேண்டும். கயிறு நீரில் அமிழ்ந்திருந்தால் முதலில் உருள்வீச்சினால் அதனை மேற்பரப்பில் விரித்துப் பின்னர் எடுக்கலாம். அழுக்கேறிய கயிறு அமிழும் என்பதால் அதனை அவ்வப்போது துடைத்தல் வேண்டும்.

தமிழகத்தில்

இம்முறை தமிழகத்தில் நீலகிரி மலையோடு தொடர்புடையது. டிரவுட் என்னும் குளிர்நீர் மீனை நீலகிரியில் அறிமுகப்படுத்த 1860களில் மீனியலாளர் பிரான்சிசு டே செய்த முயற்சி வெற்றி பெறவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியால் வானவில் டிரவுட் அங்கு நிலைபெற்றது. அவலாஞ்சியில் மீன் பொரிப்பகமும் அமைந்தது. நீலகிரி ஓடைகள் பல காப்புக்காட்டினுள் இருப்பதால் அனுமதியின்றி அங்கு செல்ல இயலாது. வானவில் டிரவுட் அயல் இனம் என்பதும், உலகின் மிகத் தீங்கான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது என்பதும் கருதத்தக்கன.

சமவெளி நீர்நிலைகளும் தூண்டில் நூல்களில் இடம் பெற்றுள்ளன. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த என்றி சல்லிவன் தாமசு, 1873இல் தி ராட் இன் இந்தியா என்னும் நூலையும், 1887இல் ஏரி குளங்களில் தூண்டிலிடுவது பற்றி டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா என்னும் நூலையும் வெளியிட்டார்.

சமவெளியில் பயிற்சி

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி நகரியம் போன்ற சமவெளி ஊர்களில் டிரவுட் வாழும் குளிர்ந்த ஓடைகள் இல்லை. எனினும் வீச்சைப் பயில மீன் தேவையில்லை. முள்ளை நீக்கி, அதற்குப் பதிலாகச் சிறு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு விளையாட்டுத் திடலில் பயிலலாம். ஆனால் புல்தரை நீரைப் போலக் கயிற்றைப் பற்றுவதில்லை. புல்லில் விரைந்து இழுத்தாலும் கயிறு எளிதில் எழுந்துவிடும் என்பதால், மூன்றாவது பிழை அங்கு வெளிப்படாமல் கையில் பழகிவிடுகின்றது. ஆகவே பின்வீச்சையும் நிறுத்தத்தையும் புல்லில் பயின்று, கயிறு எடுத்தலைக் குளத்திலோ ஏரியிலோ பயிலுதல் வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் மின்கம்பிகளைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நெய்வேலி பழுப்பு நிலக்கரியைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் ஊராதலால், அதனைச் சுற்றிலும் உயரழுத்தக் கம்பிகள் செல்கின்றன. இக்காலத் தூண்டிற்கோல்கள் பெரும்பாலும் கரி இழையால் ஆனவை. கரி இழை மின்சாரத்தைக் கடத்தும். உயரழுத்தக் கம்பியைத் தொடாமல் அருகில் சென்றாலே மின்சாரம் பாயக்கூடும். பிரித்தானியாவில் மேல்செல்லும் மின்கம்பிகளிலிருந்து 30 மீட்டருக்குள் தூண்டிலிட வேண்டாம் என அறிவுறுத்தப்படுகின்றது. கயிறு எடுக்கும்போது வீசுபவரின் கண் நீரில் இருக்க, கோலும் கயிறும் பின்புறம் மேலே செல்வதால், ஒவ்வோர் இடத்திலும் முதல் வீச்சுக்கு முன் பின்னும் மேலும் பார்த்துக்கொள்வது இன்றியமையாததாகும்.