ஜெய் பீமும் அம்மாவின் ரிமோட்டும்

மக்கள் ஏன் வீட்டிலேயே படம் பார்க்க விரும்புறாங்க? யாரைக் கேட்டாலும் டிக்கெட் விலை, பாப்கார்ன் விலை, பார்க்கிங் என்றுதான் சொல்வாங்க. எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு விடை கிடைத்தது சிதம்பரத்தில், அம்மா கையில் இருந்த ரிமோட்டில்.

2021 நவம்பர் 1 முதல் தமிழகத் தியேட்டர்களில் எல்லா இருக்கைகளையும் நிரப்பிக்கொள்ள அரசு அனுமதித்தது. மறுநாள் 'ஜெய் பீம்' வெளியானது, நேராக அமேசான் பிரைமில். 1993-ல் நம்ம கடலூர் மாவட்டம் முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் இறந்த வழக்குதான் படத்துக்கு அடிப்படை. இந்த மாவட்டத்துக் கதை, இங்கே ஒரு தியேட்டருக்கும் வரவில்லை!

தீபாவளிக்குக் கடலூரிலிருந்து போயிருந்தபோது அம்மாவோடு உட்கார்ந்தேன். லாக்கப் காட்சி வந்ததும் நிறுத்திட்டாங்க. "போதும்ப்பா, மீதிய நாளைக்குப் பார்க்கலாம்." மூணு நாளில் முடித்தோம். நடுநடுவே, 93-ல் தான் கேள்விப்பட்டதையும் சொன்னாங்க. தியேட்டராக இருந்தால் பாதியில் எழுந்து வந்திருப்பாங்க. மீதியைப் பார்த்திருக்கவே மாட்டாங்க.

காத்திருக்கும் நாளும் சுருங்கிப்போச்சு. அதே வருடம் ஜனவரி 13-ல் தியேட்டருக்கு வந்த 'மாஸ்டர்', 29-ஆம் தேதியே பிரைமுக்கு வந்துவிட்டது. பதினாறு நாள் பொறுத்தால் போதும் என்றால் யார் க்யூவில் நிற்பது?

ஒரு குறை உண்டு. கோர்ட் காட்சியில் ஒரு தியேட்டரே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? எங்க வீட்டில் அப்போ குக்கர் விசில் அடித்தது.