ரௌடிக்குக் காதல் வந்தால் சிரிப்பு யாருக்கு?

பொறையாறிலிருந்து காரைக்கால் பஸ்ஸில் வருபவர்களுக்கு மாநிலம் மாறியதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நண்டலாற்றைத் தாண்டியதும் அது தானாகவே தெரிந்துவிடும். செக்போஸ்ட் வரும், பூவம் வரும், அடுத்து கோட்டுச்சேரி. வயலும் வாய்க்காலும் அதேதான், பேச்சுத் தமிழும் அதேதான். ஆனால், அரசாங்கம் வேறு, வரி வேறு, ஒயின்ஷாப் போர்டு வேறு.

மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்கக்கடல் என்று நடுவில் நிற்கும் காரைக்கால் மாவட்டத்துக்குத் தலைநகரம் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதுச்சேரி. அதனால் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பக்கம் லைசென்ஸ் வாங்கிய கடையில் காசு கொடுத்து வாங்கும் சரக்கை, மூட்டை கட்டி அந்தப் பக்கம் கொண்டுபோனால் கடத்தல் கேஸ். சாராயக்கடை, கள்ளுக்கடை இரண்டுக்கும் புதுச்சேரியில் அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் இரண்டுமே குற்றம். நல்லவனையும் கெட்டவனையும் பிரிப்பது ஒரு சின்ன ஆறு!

இந்த மாதிரி அபத்தம்தான் டார்க் காமெடி கதைகளின் மூலதனம். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் ‘இதுக்கா சிரிச்சோம்?’ என்று உள்ளே ஏதோ நெருடும். அதில் ஒரு ரௌடி கும்பலையும், அதற்குள் மாட்டிக்கொண்ட ஒரு காதல் ஜோடியையும் சேர்த்துவிட்டால் தமிழ் ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்த காம்போ ரெடி. இந்த யூனியன் பிரதேசத்திலேயே அதற்கு ஒரு சூப்பர்ஹிட் உதாரணம் இருக்கிறது.

பாண்டிச்சேரி பாண்டியின் கதை

2015 அக்டோபரில் வந்த ‘நானும் ரௌடிதான்’ படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். விக்னேஷ் சிவன் இயக்கம், தனுஷின் வுண்டர்பார் தயாரிப்பு, அனிருத் இசை. கதை நடப்பதும் பெரும்பாலும் படமானதும் புதுச்சேரியில்தான்.

படத்தின் பெயரே ஒரு காமெடியிலிருந்து வந்தது. 2006-ல் வந்த ‘தலைநகரம்’ படத்தில் நாய் சேகராக வரும் வடிவேலு, ரௌடிகளை அள்ளிப்போகும் போலீஸ் ஜீப்பில் ‘தானும் ரௌடிதான்’ என்று சொல்லி வலியப் போய் ஏறிக்கொள்வாரே, அதே வசனம். ஊரே பயப்பட வேண்டும் என்று ஆசைப்படுபவனைப் பார்த்து ஊரே சிரிப்பதுதான் அந்தக் காட்சி. விக்னேஷ் சிவனின் ஹீரோ பாண்டியும் அப்படித்தான். அம்மா போலீஸ் அதிகாரி, பையனுக்கோ ரௌடி என்று பெயர் எடுக்க ஆசை. அம்மாவாக ராதிகா, மகனாக விஜய் சேதுபதி. இந்த முரண் ஒன்றே பாதிப் படத்தின் சிரிப்புக்குப் போதும்.

பாண்டி காதலிக்கும் காதம்பரிக்குக் காது கேட்காது. இந்த வேடத்தில் நயன்தாரா. சின்ன வயதில் அவள் வீட்டில் வெடித்த குண்டு அவளுடைய அம்மாவைக் கொன்றது, அவளுடைய காதையும் பறித்தது. காரணம், பார்த்திபன் நடித்த கிள்ளிவளவன். தன் குடும்பத்தை அழித்தவனைப் பழிவாங்க அவள் உதவி கேட்கும்போதுதான், டம்மி ரௌடிக்கு முதன்முறையாக நிஜ ரௌடித்தனம் என்றால் என்னவென்று புரிகிறது.

இங்கேதான் படம் ஒரு முக்கியமான வேலை செய்கிறது. ரௌடி ஆக ஆசைப்படுபவனைக் கிண்டல் செய்கிறது, அவன் நண்பர்களைக் கிண்டல் செய்கிறது, வில்லனின் கெத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால், அந்தக் குண்டு வெடிப்பு மட்டும் ஜோக் ஆகவே இல்லை. ஹீரோயின் வரும் ஒவ்வொரு காட்சியிலும் அவளுக்குக் கேட்காத காது, ‘ரௌடிசம் என்றால் இதுதான்’ என்று நமக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டு கடையில் தொடங்கிய காதல்

இந்தக் கலவை சினிமாவோடு பிறந்ததில்லை. 80-களிலும் 90-களிலும் டெல்டா ஊர்களின் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ராஜேஷ்குமாரின் கோவைக் கொலைகள், சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா என்று ஒரு பட்டாளமே இருந்தது.

இதில் பரத் – சுசீலா ஜோடி இந்த வகைக்கு நேரடிச் சொந்தம். இருவரும் சேர்ந்து துப்பறிவார்கள். நடுவில் சண்டை, ரொமான்ஸ், கலாய்ப்பு எல்லாம் உண்டு. சுசீலாவின் டி-ஷர்ட்டில் என்ன வாசகம் எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கே தனி வாசகர் கூட்டம் இருந்தது. பிணம் கிடக்கும் கதையில் காதல் ஜோடி ஜாலியாகப் பேசிக்கொள்வதைத் தமிழ் வாசகர்கள் அப்போதே ரசித்துவிட்டார்கள். ஒரே வித்தியாசம், அப்போது ஜோடி சட்டத்தின் பக்கம் நின்றது. 2010-க்குப் பிறகு வந்த இயக்குநர்கள் ஜோடியைத் தூக்கிக் குற்றத்தின் பக்கம் வைத்தார்கள்.

கடத்தல்காரர்களுக்கு எதற்குக் காதல்?

தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ 2011-ல் வந்தது. ஒரே நாளில் நடக்கும் தாதா கதை. வயதான தாதா சிங்கப்பெருமாள், அவர் வீட்டில் அடைபட்டுக் கிடக்கும் சுப்பு, எல்லோரும் ஏமாளி என்று நினைக்கும் சப்பை. இந்த மூவருக்கிடையே முளைக்கும் காதலை நம்பி உட்கார்ந்தவர்களுக்குக் கடைசியில் படம் வைத்த ஆப்பு இன்றைக்கும் பேசப்படுகிறது. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதும், படத்தொகுப்புக்கான தேசிய விருதும் இந்தப் படத்துக்குக் கிடைத்தன.

2013 மே 1-ல் வந்த ‘சூது கவ்வும்’ படத்தில் நலன் குமரசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். ஆட்களைக் கடத்துவதற்கே ரூல்ஸ் போட்டு வைத்திருக்கும் தாஸுக்கு ஒரு காதலி உண்டு. ஆனால், அவள் அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். கும்பலில் இன்னொருவன் நயன்தாராவுக்குக் கோயில் கட்டி, ஊரைவிட்டு விரட்டப்பட்டவன். வாழ்க்கையில் யாரும் கண்டுகொள்ளாத ஆட்கள் இவர்கள். கற்பனைக் காதலியாவது துணைக்கு இருக்கட்டும் என்ற அந்த ஏக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும்போதே கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

2018-ல் நெல்சன் இயக்கிய ‘கோலமாவு கோகிலா’வில் நிலைமை தலைகீழ். அம்மாவுக்குப் புற்றுநோய், வைத்தியத்துக்குப் பணம் இல்லை. மகள் போதைப்பொருள் கடத்தலில் இறங்குகிறாள். எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் யோகி பாபு அவளை உருகி உருகிக் காதலிக்கிறார். ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து அதிர்ந்துபோன எந்தக் குடும்பத்துக்கும் கோகிலாவின் முதல் தப்பு புரியும். அந்தப் புரிதல்தான் படத்தின் பலம், ஆபத்தும் அதுவேதான்.

உலக அளவில் பார்த்தாலும் காதலுக்கு இதே வேலைதான். 1985-ல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘ப்ரிஸ்ஸிஸ் ஹானர்’ ஹாலிவுட் படத்தில், மாஃபியா கும்பலின் கூலிக் கொலைகாரன் ஒரு பெண்ணைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொள்கிறான். பிறகுதான் தெரிகிறது, அவளுக்கும் அதே தொழில்! கடைசியில் கும்பலுக்கு விசுவாசமா, பெண்டாட்டிக்கு விசுவாசமா என்ற கேள்வி வரும்போது தியேட்டரில் சிரிப்பு நின்றுவிடும். ரௌடிக்கு இழக்க ஒன்றுமில்லை என்றால் கதை வெறும் சண்டைக்காட்சி. ஒரு காதலைக் கொடுத்துப் பாருங்கள், அன்றிலிருந்து அவனுக்கும் பயம் வந்துவிடும்.

சிரிப்பு நிற்கும் இடம்

காரைக்கால் மக்களுக்கு இந்தப் பயம் சினிமாவில் பார்த்தது மட்டுமில்லை. 2017 ஜனவரி 3-ம் தேதி, புதுச்சேரியின் முன்னாள் சபாநாயகர் வி.எம்.சி.சிவகுமார் நிரவியில் ஒரு கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். கோட்டுச்சேரியிலிருந்து நிரவி ரொம்ப தூரமில்லை. அந்தச் செய்தியைக் கேட்ட வீடுகளில் யாருக்கும் வசனம் ஞாபகம் வந்திருக்காது.

சாராயக் கடத்தலும் அப்படித்தான். பெட்டிகளை ஒளித்து வைத்துக்கொண்டு செக்போஸ்ட்டில் ஒருவன் முழிப்பது திரையில் நல்ல காமெடி. ஆனால், 2023 மே மாதம் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 20-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. அடுத்த ஆண்டே கள்ளக்குறிச்சியில் அதைவிடப் பெரிய சோகம். இறந்தவர்களில் பலர் அன்றாடக் கூலிகள்.

அப்படியானால் இந்தப் படங்களைப் பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம். சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று மட்டும் கவனித்தால் போதும். ரௌடியின் வெட்டி பந்தா, அவனுக்குப் பயப்படும் பெரிய மனிதர்கள், பணத்துக்கு வளையும் அதிகாரிகள் இவர்கள்மேல் விழுந்தால் அது நல்ல டார்க் காமெடி. வெட்டுப்பட்டவன், ஏமாற்றப்பட்ட பெண், குடித்துச் செத்தவன் இவர்கள்மேல் விழுந்தால் அது ரௌடிகளுக்கு ஓசி விளம்பரம். பிளஸ் டூ படிக்கும் பையனோடு உட்கார்ந்து பார்க்கும் பெற்றோர், படம் முடிந்ததும் இந்த ஒரு கேள்வியைப் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்க்கலாம். பையன் சொல்லும் பதில் உங்களுக்கே ஆச்சர்யமாக இருக்கும்.

கோட்டுச்சேரியில் ஒரு கதை வைத்தால்…

குறும்படம் எடுக்கத் துடிக்கும் டெல்டா இளைஞர்களுக்கு இந்த ஊர் எல்லாவற்றையும் தட்டில் வைத்துத் தருகிறது. ஆற்றின் இரு கரையிலும் இரண்டு போலீஸ், இரண்டு சட்டம். கொஞ்சத் தூரத்தில் திருநள்ளாறு. ஏழரைச் சனி பிடித்துவிட்டது என்று பயந்து, கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் நிற்கும் ஒரு வெளியூர் தாதாவை யோசித்துப் பாருங்கள். அவனைப் பிடிக்க மஃப்டியில் வந்த போலீஸ்காரருக்கும் அதே ராசி என்றால்? ஆனி மாத மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில், மாங்கனி பிடிக்க நீட்டிய கையில் விலங்கு விழுந்தால்?

சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது. அவனுக்கு ஒரு காதலியும் இருக்கட்டும். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் சரக்கோடு போனவன் ராத்திரி பதினோரு மணி ஆகியும் வரவில்லை, போன் ஸ்விட்ச்டு ஆஃப். பூவம் ஸ்டாப்பில் அவள் தனியாக நிற்கிறாள். அந்த ஷாட்டில் பின்னணி இசையில்கூட காமெடி வேண்டாம். அதை மட்டும் சரியாக எடுத்துவிட்டால், மீதிப் படம் முழுக்க ரௌடியை எவ்வளவு வேண்டுமானாலும் கலாய்க்கலாம்!