தேயிலைக்கு நடுவே – 6: நாற்பதாவது வளைவுக்கு அப்பால்

போன வாரம் ஆழியாறு சோதனைச் சாவடியோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. பேருந்தில் என் பக்கத்தில் இருந்த அக்கா பலகையைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடியபடியே, "இருவத்தாறு தாண்டியாச்சு" என்றார். சரியாகத்தான் இருந்தது.

பொள்ளாச்சியிலிருந்து 65 கிலோமீட்டர்தான். மேலே இருப்பவர்கள் வாயில் அது வெறும் 'கீழ'. ஸ்கேன் எடுக்கக் கீழ, கல்யாணப் புடவைக்குக் கீழ. ஊரில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. நகராட்சி, தாலுகா அலுவலகம், அரசு மருத்துவமனை, அரசுக் கல்லூரி எல்லாம் இருக்கின்றன. டீக்கடைகளுக்குக் கேட்கவே வேண்டாம். நல்ல தூளெல்லாம் ஏலத்துக்குப் போய்விட, டஸ்ட் டீதான் கிளாஸில் வருகிறது என்பது வேறு விஷயம்.

கடைவீதி முடிகிற இடத்தில் எஸ்டேட் தொடங்கிவிடுகிறது. அங்கே வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, கைக்குழந்தைகளுக்கான காப்பகம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் போட்ட கடமை அது. அதற்கு முந்தைய காலம் எப்படி இருந்தது என்பதை, இந்த எஸ்டேட்டுகளில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 'ரெட் டீ' நாவலில் எழுதினார், தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு'.

சட்டம் தந்த வசதிக்கு ஒரு முடிச்சு உண்டு. வேலை இருக்கும்வரைதான் வீடு. முப்பது வருஷம் கொழுந்து பறித்தவரும் ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாங்கலாமென்றால் நிலம் ஏது? சுற்றிலும் எஸ்டேட், அதைச் சுற்றிக் காடு. பிள்ளைகளில் ஒருவர் அதே எஸ்டேட்டில் பேர் பதிந்தால் வீடு தங்கும். பிள்ளைகளோ திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிடுகிறார்கள். 2001இல் சுமார் 95 ஆயிரமாக இருந்த நகராட்சி மக்கள்தொகை, 2011இல் 71 ஆயிரத்துக்கு வந்துவிட்டது. காலியான லைன்களில் இப்போது அஸ்ஸாம், ஜார்க்கண்ட் குடும்பங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கடைவீதியில் காய்க்காரர் இந்தியில் விலை சொல்கிறார்.

எந்தப் பெருநகரத்திலும் இல்லாத ஒரு வசதி மட்டும் இங்கே உண்டு: யானைச் செய்தி. எந்த எஸ்டேட் பக்கம் கூட்டம் நிற்கிறது என்று செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்குகள் உண்டு; யானையைப் பார்த்தவர் கைபேசியிலிருந்தே அதை எரியவிடலாம். இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஓட்டுகிற ஏற்பாடு. இதற்காக ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. யானைக்கும் இங்கே ரேஷன் கடை தெரியும். அரிசி வாசனைக்குச் சுவரையே உடைத்திருக்கிறது.

கடைசிப் பேருந்தில் எஸ்டேட்டுக்குத் திரும்பும்போது மழை. தூரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார். யாரும் அவசரப்படவில்லை. முன் இருக்கை அம்மா பையிலிருந்து நிலக்கடலையை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார்.

(தொடரும்)